விரும்பினதைத் தாங்கோ

தம்பி,

முந்தநாள் பின்னேரம் யோகராசா மேசன் எங்கள் வளவுக்கு வந்தார். கல் வாங்க வரவில்லை. நான் அச்சில் அரிந்து அடுக்கி வைத்திருந்த சீமெந்துக் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான், கொங்கிறீற் கலக்கும் மெசின் கைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னார். கிளிநொச்சியில் ஒருவர் தன்னுடைய பழைய மெசினை இவருக்கென்று ஒரு மாதம் பிடித்து வைத்திருந்தார். வங்கியும் கடன் தரச் சம்மதித்திருந்தது. போன வருடத்துக் கணக்கறிக்கை ஒன்று மட்டும் வேண்டும் என்று கேட்டிருந்தது. அந்தக் கணக்கு உன் மேசையில் கிடக்கிறது. மாதம் முடிந்ததும் மெசின்காரர் அதை வேறு ஆளுக்கு விற்றுவிட்டார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த மனிதர் கடைசியாகச் சொன்னதுதான் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. "தம்பியில ஒரு பிழையும் இல்லை அக்கா. நான்தான் குறையக் குடுத்திட்டன் போல." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இல்லை. வெட்கம்தான் இருந்தது. உன்னை விட இருபது வயது மூத்தவர். முரசுமோட்டையில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. தன்னுடைய பில் புத்தகங்களை உன்னிடம் தந்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்கப் பயந்து, என் முன்னால் வந்து நின்று தன்னையே குற்றம் சொல்கிறார். அவரை உன்னிடம் அனுப்பியவள் நான். "என்ர மகன் கணக்காளரா இருக்கிறான், அங்க போங்கோ, உங்களை ஏமாத்த மாட்டான்" என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றே உனக்குப் போன் எடுத்தேன். "நான் ஒண்டும் கேக்கேல்லையே அம்மா, அவராத் தந்தது" என்றாய். பிறகு, ஆள் வந்திருக்கிறது, பிறகு கதைக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். நீ பிறகு கதைக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். இதை நான் ஒட்டி மூடப் போவதும் இல்லை. எங்கள் மாதர் சங்கத்தில் தையல் தைத்துப் பிழைக்கிறவள் இருக்கிறாள், மா அரைத்து விற்கிறவள் இருக்கிறாள், வயரிங் வேலை செய்கிறவனுடைய மனைவி இருக்கிறாள். எல்லோருக்கும் இப்போது வரி இலக்கம் வேண்டும், கணக்கு வேண்டும், கணக்காளர் வேண்டும். வாசிக்கக் கேட்டால் கொடுப்பேன். அதில் உனக்கு வெட்கம் வந்தால் வரட்டும்.

நீ கேட்கவில்லை என்று சொல்கிறாயே, அதுதான் நீ செய்த குற்றம். அந்த மனிதர் உன் முன்னால் கதிரை நுனியில் இருந்துகொண்டு "எவ்வளவு சேர்?" என்று கேட்டிருக்கிறார். தகப்பன் வயதுக்காரர் உன்னைச் சேர் என்று கூப்பிடுவதை நீ எப்படிக் காதால் கேட்டுக்கொண்டு இருக்கிறாய் என்பதை வேறொரு நாளைக்குக் கேட்கிறேன். அவர் கேட்டது ஒரு கேள்வி. அதற்குப் பதில் ஒரு இலக்கம். நீ சிரித்துக்கொண்டு, "விரும்பினதைத் தாங்கோ அண்ணை" என்றாய். அவருக்கு என்ன விருப்பம் இருக்கும்? ஒன்றும் கொடுக்காமல் போவதுதான் அவருடைய விருப்பம். அதை உன்னிடம் சொல்ல முடியுமா? அவர் உன் முகத்தைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற உன் பத்திரத்தைப் பார்த்தார், எல்லாவற்றையும் பார்த்து ஒரு கணக்குப் போட்டு ஐயாயிரம் ரூபாய் எடுத்து வைத்தார். நீ அதை எண்ணவில்லை. ஒரு புத்தகத்துக்குக் கீழே தள்ளி வைத்துவிட்டு, "பாப்பம்" என்றாயாம். எண்ணாமல் வைத்ததை நீ பெருந்தன்மை என்று நினைத்திருப்பாய். அவர் அதைக் குறைவு என்று விளங்கிக்கொண்டார்.

இரண்டாவது முறை வந்தபோது கேட்காமலே இன்னும் ஐயாயிரம் வைத்தார். கணக்கு ஆகவில்லை. மூன்றாவது முறை, நெளுக்குளத்தில் நீ புதிதாகக் கட்டுகிற வீட்டில் குளியலறைச் சுவர் பூசாமல் கிடப்பதைப் பற்றி நீ யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்திருக்கிறது. அடுத்த சனியும் ஞாயிறும் கரண்டியும் மட்டப் பலகையுமாக வந்து அவரே பூசிக் கொடுத்தார். நீ தேத்தண்ணி கொடுத்தாயாம். மிகவும் நன்றாகக் கதைத்தாயாம். அதையும் அவர் உன்னுடைய நல்ல குணமாகத்தான் எனக்குச் சொன்னார். அவருடைய நாள் சம்பளம் ஐயாயிரம் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குக் கூப்பிட முதலே அவர் அதைச் சொல்லிவிடுவார். உன்னிடம் மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அவர் விரும்பிச் செய்தாராம்.

நான் கூட்டிப் பார்த்தேன். கல் அரிகிறவளுக்கும் கூட்டத் தெரியும். காசாகப் பத்தாயிரம். பூச்சு வேலை இரண்டு நாள், அது பத்தாயிரம். மூன்று முறை பரந்தனில் முதல் பஸ் பிடித்து வவுனியாவுக்கு வந்து, உன் வாசலில் காத்திருந்து, பின்னேரம் திரும்பி வந்த மூன்று நாள் சம்பளம் பதினையாயிரம். பஸ் காசு வேறு. முப்பத்தையாயிரத்துக்கு மேலே போய்விட்டது. இன்னும் அவர் கையில் ஒரு கடதாசி வரவில்லை. நீயோ ஒன்றும் கேட்கவில்லை என்கிறாய்.

உன் அலுவலகத்தில் நடப்பதை நான் என் கண்ணாலும் பார்த்திருக்கிறேன். ஆவணியில் உனக்குப் புட்டும் கறியும் கட்டிக்கொண்டு வந்து, நீ வேலையாக இருந்தபடியால் வெளியே வரிசையில் இருந்தேனே, அன்றைக்கு. எனக்கு முன்னால் ஒரு தச்சர் இருந்தார். அவர் காலையிலிருந்தே இருந்திருக்கிறார். பத்தரை மணிபோல, கம்பியும் சீமெந்தும் விற்கிற வன்பொருள் கடைக்காரர் ஒருவர் வந்தார். நீ எழுந்து வந்து கூட்டிக்கொண்டு போனாய். அவருடைய கோப்பு எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிய யாபாரம், அவசரம் இருக்கும் என்று நினைத்தேன். இப்போது விளங்குகிறது. உன் மேசையில் கோப்புகள் வந்த ஒழுங்கில் இல்லை, விரும்பின ஒழுங்கில் இருக்கின்றன. கூட விரும்பினவருடையது மேலே. யோகராசாவுடையது அடியில்.

இப்போது நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். அப்பா போன பிறகு நான் கை அச்சில் கல் அரிந்துதான் வீடு ஓடியது. வீட்டுத் திட்டங்கள் வந்து ஊரெல்லாம் கட்டிக்கொண்டிருந்தார்கள், என்னால் கேட்கிற அளவுக்குக் கல் கொடுக்க முடியவில்லை. கல் அரிகிற மெசின் ஒன்று எடுத்தால் நானும் இன்னும் இரண்டு பெண்களுமாகச் சமாளிக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். கணக்குக் கேட்டார்கள். கிளிநொச்சி ரவுணில் மாடியில் இருந்த அந்தக் கணக்காளரிடம் போனேன். யாரென்று உனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். எவ்வளவு ஐயா என்று நான் கேட்டேன், தம்பி. கேட்காமல் விடவில்லை. அவர் சிரித்தார். "உங்களிட்டக் காசுக் கதை கதைக்கலாமே அம்மா? விரும்பினதைத் தாங்கோ" என்றார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல எனக்குக் கூசிப்போனது. அதோடு கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. படித்த மனிதர் என்னை மதிக்கிறார் என்று நினைத்தேன்.

மூவாயிரம் கொடுத்தேன். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் போனபோது, வீட்டுக்கு மதில் கட்ட வேண்டியிருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். நானூறு ஆறங்குலக் கல் ட்ரக்டரில் ஏற்றி அனுப்பினேன். "ஏன் அம்மா உதெல்லாம்" என்று போனில் சொன்னார். அடுத்த நாள் கணக்கு ஆயத்தம். முழுக்க இங்கிலீசில் இருந்தது, காட்டின இடங்களில் கையெழுத்து வைத்தேன். நான் கேட்டதைப் போல இரண்டு மடங்கு கடன் வங்கியில் கிடைத்தது. என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அப்போதுதான் அவர், கடனில் நூற்றுக்கு ஐந்து தன்னுடைய பங்கு, எல்லோரும் தருவதுதான் என்றார். பார், அதற்கு அவரிடம் இலக்கம் இருந்தது. வேலைக்கு இலக்கம் இல்லை, பங்குக்கு இருந்தது.

இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும். கடன் கூடினால் அவருடைய பங்கு கூடும். ஆகையால் என் லாபத்தை இரண்டு மடங்காக எழுதினார். லாபம் இரண்டு மடங்கு, கடன் இரண்டு மடங்கு, தவணையும் இரண்டு மடங்கு. மாரி வந்தது. மழைக்குள் கல் காயாது, கட்டுகிறவர்களும் நிறுத்திவிடுவார்கள். தவணை நிற்கவில்லை. அவகாசம் கேட்டு வங்கிக்குப் போனபோது அங்கே வேலை செய்த ஒரு பிள்ளைதான் கோப்பைத் திறந்து தமிழில் வாசித்துக் காட்டினாள். வருடத்துக்கு இவ்வளவு லாபம் என்று நீங்கள்தானே கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவ்வளவு காசை நான் வாழ்க்கையில் ஒருமுறையும் ஒன்றாகக் கண்டதில்லை. மெசினைப் பாதி விலைக்கு விற்றேன். மிச்சத்தை நாலு வருடம் கை அச்சில் அரிந்து கட்டினேன். நீ கம்பசுக்குப் போன முதல் வருடம், ஏன் அம்மா காசு அனுப்பவில்லை என்று கேட்டாயே, யாபாரம் குறைவு என்று சொன்னேனே, அது பொய். யாபாரம் நன்றாகத்தான் நடந்தது. எல்லாம் அந்தத் தவணைக்குப் போனது.

அந்த நேரம் நீ வீட்டில் இருந்தாய். வர்த்தகம் படித்துக்கொண்டிருந்தாய். இங்கிலீசும் உனக்கு ஓரளவுக்கு வரும். அந்தக் கடதாசியை உன்னிடம் நீட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாய். நான் அதை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். வாசிக்கத் தெரியாத கடதாசியில் தாய் கையெழுத்து வைத்தாள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டேன். உண்மை தெரிந்த பிறகாவது அந்த மனிதரிடம் போய் நாலு வார்த்தை கேட்டேனா? இல்லை. பஸ்ஸில் அந்த மதிலைக் கடந்து போகும்போதெல்லாம் என் கற்களைப் பார்த்துக்கொண்டு, நான் குறையக் கொடுத்திருப்பேன், அதனால் அவர் கவனமில்லாமல் எழுதியிருப்பார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முந்தநாள் யோகராசா வாயைத் திறந்தபோது என் வாய்தான் பேசியது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

பிறகு உன்னைக் கம்பஸ் முடிந்த கையோடு அவரிடமே வேலை பழக அனுப்பினேன். வேறு யாரையும் தெரியாது என்று உனக்குச் சொன்னேன். உண்மை அதுவல்ல. நானூறு கல் கொடுத்திருக்கிறேன், நூற்றுக்கு ஐந்து கொடுத்திருக்கிறேன், அதற்குப் பதிலாக என் பிள்ளைக்குத் தொழிலைக் காட்டிக் கொடுக்கட்டும் என்று நினைத்தேன். காட்டித்தான் கொடுத்திருக்கிறார்.

ஆனால் எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு நான் தப்ப முடியாது. இரண்டு நாளாக யோசித்து யோசித்து ஒரு இடத்தில் வந்து நிற்கிறேன். சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்த அடுத்த வருடம், தகரக் கொட்டிலில் இருந்தோம். வீட்டுத் திட்டத்துக்குப் படிவம் நிரப்ப வேண்டும் என்று ஊர் முழுக்க அலைந்தது. உன் எழுத்து அழகு. ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முதல் நாள் வந்த ஒரு கிழவர், "எவ்வளவு பிள்ளை?" என்று கேட்டார். நீ யோசிக்கவே இல்லை. "அம்பது ரூவா" என்றாய். நான் குசினியிலிருந்து ஓடி வந்தேன். சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்லிப்போட்டான், நீங்கள் விரும்பினதைக் கொடுங்கோ என்றேன். அவர் நூறு கொடுத்தார். அவர் போன பிறகு உன்னை உள்ளே கூப்பிட்டு, படித்த பிள்ளை காசு கேட்கிறதா என்று ஏசினேன். அதற்குப் பிறகு நீ ஒருநாளும் இலக்கம் சொல்லவில்லை. நூறு வந்தது, இருநூறு வந்தது, முட்டை வந்தது, ஒரு பெண் முட்டையிடுகிற கோழியையே கொண்டுவந்து விட்டுப் போனாள். கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாதவள். ஐம்பது ரூபாய் என்று நீ சொல்லியிருந்தால் ஐம்பது ரூபாய்தான் வந்திருக்கும். எனக்கு அது தெரியும், தம்பி. அப்போதும் தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். மரியாதை என்று உனக்குச் சொன்னேன்.

ஆகவே, நான் கற்றுக்கொடுத்ததை நானே திரும்ப எடுக்கிறேன். இனிச் சொல்வதைக் கவனமாக வாசி.

கணக்காளருக்குக் காசு கொடுக்கக் கூடாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். எங்கள் ஆட்களையும் எனக்குத் தெரியும். வருடம் முழுக்க பில்லைச் சீமெந்துப் பைக்குள் திணித்து, மழையில் நனைய விட்டு, கடைசிக் கிழமையில் கொண்டுவந்து கொட்டிவிட்டு, நாளைக்கு வேண்டும் என்பார்கள். உன் வேலைக்குக் கூலி இருக்கிறது என்பதே அவர்களுக்கு உறைப்பதில்லை. ஒரு சேவலைக் கொண்டுவந்து தந்தால் முடிந்துவிடும் என்று நினைப்பார்கள். நீ படித்ததற்கும், வாடகைக்கும், மின்சாரத்துக்கும் காசு வேண்டும். சேவலை வாங்காதே. கூலியைச் சொல்லி வாங்கு.

எவ்வளவு என்று என்னைக் கேட்டால் நான் சொல்கிறேன். ஒரு மேசனுடைய ஒரு வருடக் கணக்கு, பில்லும் வங்கிப் புத்தகமும் ஒழுங்காக இருந்தால் இரண்டு நாள் வேலை என்று நீயே ஒருமுறை சொன்னாய். மேசனின் நாள் சம்பளம் ஐயாயிரம் என்றால், உன்னுடையதைப் பத்தாயிரம் என்று வை. நீ படித்தவன், இரண்டு மடங்கு எடு, அதில் எனக்கு வழக்கில்லை. இருபதாயிரம். வருமானவரிப் படிவம் நிரப்பி அனுப்புவதும் அதற்குள்தான். என்னுடைய கணக்கில் அது இருநூறு கல். இருநூறு கல்லை நான் வாய் திறந்து கேட்டு வாங்குகிறேன், நீ ஏன் கூசுகிறாய்? பில் எல்லாம் பைக்குள் குழம்பிக் கிடந்தால் கூடக் கேள், ஆனால் பையைத் திறந்து பார்த்தவுடன் கேள், முடித்த பிறகு கேட்காதே. மூன்று மாதத்துக்கொருமுறை கொண்டுவந்து தருகிறவனுக்கு உன் வேலை குறையும், அவனுக்குக் குறைத்துச் சொல். வரி இலக்கம் எடுப்பதற்கு அரசாங்கம் ஒரு சதமும் வாங்குவதில்லை. தையல்காரப் பிள்ளை அதற்கு மூவாயிரம் கொடுத்துவிட்டு, அரசாங்கக் காசு என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். யாரிடம் கொடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. உன்னிடமாக இருக்கக் கூடாது என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. நீ கணினியில் இருந்து அதைச் செய்து கொடுத்தால் அரை மணித்தியாலக் கூலியைக் கேள், இது என்னுடைய கூலி என்று சொல்லிக் கேள்.

வங்கிக் கடனுக்குக் கணக்கு எழுதினாலும் கூலி கூலிதான். கடனில் பங்கு கேட்டாய் என்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்தால், நான் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன். லாபத்தை ஊதி எழுதிக் கொடுங்கோ என்று அவர்களே கேட்பார்கள், எழுதாதே. தவணை கட்டப்போவது நீ இல்லை. பாதிக் காசை முதலில் வாங்கு, பாதியைக் கடதாசி கொடுக்கும்போது வாங்கு, இரண்டுக்கும் பற்றுச்சீட்டு எழுது. என்றைக்கு முடியும் என்ற திகதியையும் அதில் எழுது. காசு தரவில்லை என்றாலும் அவர்களுடைய பில் புத்தகத்தைப் பிடித்து வைக்காதே. அது அவர்களுடைய உழைப்பு, உன்னுடைய அடைமானம் இல்லை. இங்கிலீசில் எழுதினால் கையெழுத்துக்கு முதல் தமிழில் வாசித்துக் காட்டு. என் பிள்ளை வயதில் வங்கியில் ஒருத்தி எனக்கு அதைச் செய்தாள், ஆனால் மெசின் வந்த பிறகு செய்தாள்.

என் வளவில் கரியால் சுவரில் விலை எழுதியிருக்கிறேன், நீ பார்த்திருக்கிறாய். நாலங்குலம் இவ்வளவு, ஆறங்குலம் இவ்வளவு, ஏற்றுக்கூலி இவ்வளவு. மெசினை விற்ற மாதம் எழுதினது. எழுதின பிறகு என்னை யாரும் மதிக்காமல் விடவில்லை. உன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சலூனிலும் தலைமயிருக்கு இவ்வளவு, தாடிக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறான். உன் பலகையில் உன் பெயருக்குப் பின்னால் எத்தனையோ எழுத்து இருக்கிறது, ஒரு இலக்கம் இல்லை.

யோகராசாவுக்கு இன்னும் வழி அடைபடவில்லை. புதுக்குடியிருப்பில் இன்னொரு மெசின் இருக்கிறதாம். வங்கி இன்னும் இரண்டு கிழமை பொறுக்கும் என்று சொல்லியிருக்கிறது. அது அந்த மனேச்சரின் நல்ல குணம், உன்னுடையது இல்லை.

நேற்று அவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை நானும் வருகிறேன், இருவருமாகப் போவோம், நீங்கள்தான் கேட்க வேண்டும் என்றேன். முதல் முறை அவர் கேட்டது பழக்கத்துக்குக் கேட்டது. பதில் வராவிட்டால் திரும்பவும் கேட்க வேண்டும், இலக்கம் வரும்வரை கேட்க வேண்டும் என்றேன். தன்னால் முடியாது என்றார். இருபது வருடமாக வெயிலில் நின்று அடுத்தவனுக்கு வீடு கட்டின மனிதர், மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் ஒரு சொல்லை இரண்டாம் தரம் கேட்கக் கூசுகிறார். என் முன்னால் கேட்டுப் பழகுங்கோ என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கல் அடுக்கைப் பார்த்துக்கொண்டு, "எவ்வளவு சேர்?" என்றார். நான், "விரும்பினதைத் தாங்கோ" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பைக்குள் கையை விட்டார். விளையாட்டுக்குத்தான் சொன்னேன், ஆனால் கை தானாகப் போய்விட்டது.

திங்கட்கிழமை பரந்தனில் முதல் பஸ் எடுக்கிறோம். புட்டுக் கொண்டுவர மாட்டேன். என்னுடைய மூன்று வருடப் பில்லையும் கொண்டுவருகிறேன், எனக்கும் கணக்கு எழுத வேண்டும். வரிசையில் அவர் முன்னால் இருப்பார், நான் அவருக்குப் பின்னால் இருப்பேன். என்னை முதலில் கூப்பிடாதே. அம்மாவுக்குக் காசா என்றும் சொல்லாதே, சும்மா என்பதும் அந்தப் பழைய சொல்லின் தம்பிதான். அவர் பூசின சுவருக்கு இரண்டு நாள் சம்பளத்தை எண்ணி ஆயத்தமாக வை.

அவர் கேட்பார். குரல் கொஞ்சம் தடுமாறும், பொறுமையாக இரு. பிறகு நான் கேட்பேன். கொட்டிலில் அந்தக் கிழவருக்குச் சொன்னாயே, யோசிக்காமல், நிமிர்ந்து பார்த்து. அன்றைக்கு நீதான் சரி. நான் ஓடிவந்து உன் வாயை மூட மாட்டேன். இலக்கத்தைச் சொல்.

அம்மா